தந்தச் சுரூபமும் நம் வீட்டுப் பீடமும்



செபமாலை சொல்லி முடித்து மாதா பிரார்த்தனைக்கு வரும்போது, தேவதாயாரைத் தந்தத்தாலான உப்பரிகைக்கு ஒப்பிட்டு அழைக்கிறோம். பாட்டி முன்னே சொல்ல, பிள்ளைகள் பின்னே பதில் சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். தந்தம் என்றால் என்ன, அது எங்கிருந்து வருகிறது, அதை ஏன் தேவதாயாருக்கு ஒப்பாகச் சொன்னார்கள் என்று நின்று கேட்பவர் சிலரே.

இப்போது அதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் கொரட்டூரில் குடியிருப்போர் பலர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் பட்டணத்து ஆபீசுகளிலும் வேலை கிடைத்துத் தெற்கேயிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்தவர்களின் மக்கள், பேரமக்கள். வரும்போது டிரங்குப் பெட்டியில் துணிமணியோடு வீட்டுப் பீடத்துச் சுரூபத்தையும் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரு பாடுபட்ட சுரூபம், ஒரு மாதா, ஒரு குழந்தை சேசு. பெரும்பாலும் மரம், இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சாந்து. எங்கேனும் ஒன்று தந்தமாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் மூன்று கேள்விகள் எழும். இதை விற்கலாமா? கோவிலுக்குக் காணிக்கையாகக் கொடுக்கலாமா? இதுபோல் இன்னொன்று வாங்கலாமா? இம்மூன்றுக்கும் விடை தெரிந்துகொள்வதே இவ்வாரப் பாடத்தின் நோக்கம். விடை சட்டப் புத்தகத்தில் மட்டும் இல்லை. சுரூபம் என்பது என்ன என்ற ஞானோபதேசத்திலும் இருக்கிறது.

1. தந்தம் என்பது யாது?

யானையின் தந்தம் கொம்பு அல்ல, அது பல். மேல்தாடையின் முன்பற்கள் இரண்டு நீண்டு வளர்ந்து வெளியே வருவதையே தந்தம் என்கிறோம். வடமொழியில் அச்சொல்லுக்குப் பல் என்பதே பொருள். ஆப்பிரிக்க யானையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. நம் நாட்டு யானையில் ஆணுக்கே உண்டு. ஆணிலும் தந்தமில்லாத மக்னா என்ற வகை இருக்கிறது.

தந்தம் முழுவதும் வெளியே தெரிவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் வேரூன்றி நிற்கிறது. அந்த வேர்ப்பக்கம் உள்ளே குழிந்து, நரம்பும் இரத்தமும் நிறைந்த கூழுடன் இருக்கும். ஆட்டின் உரோமத்தைக் கத்தரிப்பதுபோல் தந்தத்தை முழுமையாக எடுத்துவிட முடியாது. முழுத் தந்தமும் வேண்டுமானால் யானை செத்திருக்க வேண்டும். தானாகச் செத்த யானையின் தந்தமும் உண்டுதான்; ஆனால் வியாபாரத்தின் பசி அதோடு அடங்கவில்லை.

வீட்டிலிருக்கும் பொருள் தந்தமா, எலும்பா என்று எப்படி அறிவது? தந்தத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில், வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலைப்பின்னல்போல் தெரியும். எலும்பில் இந்தப் பின்னல் இராது; இரத்தக் குழல் சென்ற வழியாகச் சிறு கரும்புள்ளிகளும் கீற்றுகளும் தென்படும். பிளாஸ்டிக்கில் இரண்டும் இரா. சில வேளை வார்ப்படத்தின் தையல் தெரியும். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் வழக்கம் வேண்டாம். அது சுரூபத்துக்கு வடு உண்டாக்கும்.

2. பூர்வ காலத்தில் தந்தம்

வேதாகமத்தில் தந்தம் செல்வத்தின் அடையாளம். சாலமோன் அரசன் தந்தத்தால் பெரிய சிம்மாசனம் செய்து பொன் தகடு வேய்ந்தான். அவனுடைய கப்பல்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொண்டுவந்தன. அங்கே மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் நம்முடைய தோகை என்னும் சொல்லோடு உறவுடையது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆனால் அதே வேதாகமத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசி, தந்தக் கட்டில்களில் சாய்ந்துகொண்டு எளியவரை மறந்தவர்களைக் கடுமையாகக் கண்டிக்கிறார். உன்னத சங்கீதத்திலோ தந்தக் கோபுரம் மணவாட்டியின் அழகுக்கு உவமை. மாதா பிரார்த்தனைக்கு அந்த உவமை வந்தது அங்கிருந்தே. ஒரே தந்தம் ஓரிடத்தில் வெண்மைக்கும் உறுதிக்கும் உவமையாகிறது. வேறோரிடத்தில் இரக்கமற்ற ஆடம்பரத்துக்குச் சாட்சியாகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருவோம்.

தமிழ்நாட்டிலும் தந்த வேலை மிகப் பழமையானது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டில் வருணிக்கப்படுகிறது. நாற்பது வயது நிரம்பிப் போரில் பட்ட யானையின் தந்தத்தைக் கொண்டு தச்சன் செய்த கட்டில் அது. வடக்கே சாஞ்சி ஸ்தூபத்தின் தெற்கு வாயிலில் உள்ள ஒரு சாசனம், அந்தச் சித்திர வேலையைச் செய்தவர்கள் விதிசை நகரத்துத் தந்த வேலைக்காரர்கள் என்று சொல்லுகிறது. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலிய நகரமாகிய பொம்பேயில், 1938-ல் இந்தியத் தந்தப் பாவை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. நம் நாட்டுக் கைவேலை சேசுநாதரின் அப்போஸ்தலர்கள் வாழ்ந்த நூற்றாண்டிலேயே உரோமைச் சீமைக்குப் போயிருக்கிறது!

இதற்கெல்லாம் சாட்சி அருகில் வேண்டுமானால் எழும்பூரில் ரயிலேறி ஸ்ரீரங்கம் போகலாம். அங்கே அரங்கநாதர் கோவில் அருங்காட்சியகத்தில், 17-ம் நூற்றாண்டு நாயக்கர் காலத்து அரசரும் அரசியரும் தந்தத்தில் நிற்கிறார்கள். உடையின் பூவேலையும் மேனியின் நகையும் எண்ணிப் பார்க்கலாம்போல் அமைந்தவை. கன்னியாகுமரிச் சீமை முன்பு சேர்ந்திருந்த திருவிதாங்கூரின் மகாராஜா விக்டோரியா மகாராணிக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம், 1851-ல் லண்டன் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது.

3. கோவாவில் நடந்தது

கிறிஸ்தவச் சுரூபங்களைப் பொறுத்தவரை நம் நாட்டில் தந்த வேலையின் பெரிய பட்டறை கோவாதான். 1510-ல் போர்த்துக்கீசர் கோவாவைப் பிடித்தனர். கோவில்கள் எழும்பின. ஒவ்வொரு பீடத்துக்கும் பாடுபட்ட சுரூபம் வேண்டும்; ஒவ்வொரு கப்பல்காரனுக்கும் ஒரு சிறு மாதா வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வருவது போதவில்லை. ஆகவே குருக்கள், ஆந்துவெர்ப் முதலிய நகரங்களில் அச்சிட்ட படத்தாள்களை இவ்வூர்ச் சிற்பிகளின் கையில் கொடுத்து, இப்படிச் செய்யுங்கள் என்றார்கள்.

அந்தச் சிற்பிகளில் பலர் இந்துக்கள். தலைமுறை தலைமுறையாகத் தெய்வ உருவங்கள் செய்துவந்த கைகள். இது அதிகாரிகளுக்கு உறுத்தியது. 1567-ல் கோவாவில் கூடிய முதல் மாகாணச் சங்கம், கிறிஸ்தவர்களுக்குரிய திருவுருவங்களைக் கிறிஸ்தவரல்லாதார் செய்யக்கூடாது என்று தடை விதித்தது. ஆனால் தேவை பெரிது. கைத்திறனோ அவர்களிடம் இருந்தது. தடை ஏட்டில் நிற்க, வேலை பட்டறையில் நடந்துகொண்டே இருந்தது. இன்று நாம் பக்தியோடு பார்க்கும் பழைய சுரூபங்களில் எத்தனை நம் வேதத்தைச் சேராதவர் செய்தவை என்று எண்ணினால், அவர்கள்மீது நன்றி தோன்ற வேண்டுமேயன்றி வேறெதுவும் தோன்றலாகாது.

தந்தத்தில் ஒரு பகுதி இந்நாட்டுக் காடுகளிலிருந்து வந்தது. பெரும் பகுதி கடலுக்கு அப்பால் மொசாம்பிக் முதலிய கீழை ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலில் வந்தது. ஆப்பிரிக்கத் தந்தம் பெரியது. பெரிய உருவங்களுக்கு ஏற்றது.

வேலை நடக்கும் முறை இது. சிற்பி முதலில் தந்தத்தைப் பார்ப்பான். நுனிப்பக்கம் கட்டியானது, அதில் உருவம் வரும். வேர்ப்பக்கம் குழிந்தது, அதில் சிமிழும் தகடும்தான் வரும். நனைத்து நனைத்து வாளால் அறுத்து, உளியாலும் அரத்தாலும் வடித்து, துரப்பணத்தால் துளையிட்டு, கடைசியில் தேய்த்து மெருகேற்றுவான். தந்தம் வளைந்திருப்பதால் உருவமும் சிறிது வளையும். பழைய மாதா சுரூபங்கள் சில, இடுப்பில் ஒசிந்து பின்னே சாய்ந்து நிற்பதற்குத் தந்தத்தின் வளைவே காரணம். பாடுபட்ட சுரூபத்தில் விரித்த கரங்களுக்கு ஒரே துண்டில் அகலம் போதாது. ஆகவே உடலை ஒரு துண்டிலும் இரு கரங்களை வேறு துண்டுகளிலும் செய்து, தோளில் முளையடித்துப் பொருத்துவார்கள். உங்கள் வீட்டுச் சுரூபத்தில் தோளருகே மெல்லிய இணைப்புக் கோடு தெரிந்தால், அது உடைந்து ஒட்டியது என்று நினையாதீர்கள், பிறப்பிலேயே அப்படித்தான். கடைசியில் தலைமுடிக்கும் உதட்டுக்கும் திருக்காயங்களுக்கும் வர்ணம் தீட்டி, உடையின் ஓரத்தில் பொன் பூசுவதும் உண்டு.

இலங்கையிலும் இப்படியே. கோட்டை அரசன் புவனேகபாகு 1540-களின் தொடக்கத்தில் லிஸ்பனுக்குத் தூது அனுப்பியபோது, தன் பேரன் தர்மபாலனுக்குப் போர்த்துக்கல் அரசன் முடிசூட்டுவதைச் செதுக்கிய தந்தப் பேழையைக் கொடுத்தனுப்பினான். அப்பேழை இப்போது ஜெர்மனியில் மியூனிக் நகரத்து அரண்மனைப் பொக்கிஷ சாலையில் இருக்கிறது. மணிலாவில் சீனச் சிற்பிகள் இதே தொழிலைச் செய்தார்கள்.

4. நல்ல மேய்ப்பன் சுரூபம்

கோவாத் தந்தங்களில் உலகம் முழுவதும் அறிந்தது நல்ல மேய்ப்பன். அர்ச். சவேரியாரின் திருச்சரீரத்தைத் தரிசிக்கப் பழைய கோவாவுக்குப் போவோர், போம் ஜேசு ஆலயத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் சாந்தா மோனிக்கா மடம் வரும். அங்கே கிறிஸ்தவக் கலைக்கூடம் இருக்கிறது. 1994-ல் ராச்சோல் குருமடத்தில் தொடங்கி, 2002-ல் இங்கே மாற்றப்பட்டது. பழுதுபார்த்து 2022-ல் மறுபடி திறக்கப்பட்டது. அங்கே நல்ல மேய்ப்பனைப் பார்க்கலாம். போனவர்கள் பலர் அவசரமாகக் கடந்துவிடுவார்கள். நின்று பார்க்கவேண்டிய சுரூபம் அது; ஆகவே இங்கே சற்று விரிவாகச் சொல்லுகிறேன்.

முதலில் உச்சியைப் பாருங்கள். மேய்ப்பன் வளர்ந்த மனிதரல்ல, ஒரு சிறு குழந்தை. கம்பளித் தோல்போல் கட்டம் கட்டமாகச் செதுக்கிய அங்கி, இடுப்பில் பையும் நீர்ச்சுரையும், காலில் செருப்பு. தோளில் ஓர் ஆட்டுக்குட்டி, மடியில் ஓர் ஆட்டுக்குட்டி. ஒரு கை குட்டியை அணைத்திருக்கிறது. மறு கை கன்னத்தைத் தாங்குகிறது. கண்கள் மூடியிருக்கின்றன.

மேய்ப்பன் தூங்கலாமா என்று கேட்பீர்கள். இது அசதித் தூக்கமல்ல, தியானம். இதைச் செதுக்கிய கைகள் தியானத்தில் அமர்ந்த புத்தரையும் மாடு மேய்க்கும் பாலகிருஷ்ணனையும் அறிந்த நாட்டுக் கைகள். கலை ஆராய்ச்சியாளர் இரண்டின் சாயலையும் இதில் காண்கின்றனர். சரீரம் உறங்கும்போதும் அன்புள்ள இருதயம் விழித்திருக்கும் என்ற உன்னத சங்கீதக் கருத்தைச் சிலர் இதற்குப் பொருளாகச் சொல்லுகின்றனர். ஐரோப்பாவிலிருந்து வந்த படம் ஒன்று, இந்நாட்டுத் தியானம் ஒன்று. இரண்டும் ஒரு குழந்தையின் முகத்தில் சேர்ந்திருக்கின்றன.

இனிக் கீழே வாருங்கள். குழந்தை உட்கார்ந்திருப்பது ஒரு மலைமேல். மலை அடுக்கடுக்காக இறங்குகிறது. நடுவில் ஓர் ஊற்று. இருபுறமும் பறவைகளும் ஆடுகளும் தண்ணீர் குடிக்கின்றன. அது ஞானஸ்நானமும் மற்றத் தேவதிரவிய அநுமானங்களும் தரும் ஜீவிய ஊற்று. ஆடுகள் சில ஏறுகின்றன, சில மேய்கின்றன, சில திரும்பிப் பார்க்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குகை. குகையில் ஒரு பெண் தலையைக் கையில் தாங்கிப் படுத்தபடி புத்தகம் வாசிக்கிறாள். அவள்தான் மதலேன் மரியம்மாள், மனஸ்தாபப்பட்ட ஆத்துமத்தின் உருவம். அடிவாரத்தில் மனஸ்தாபம், நடுவில் ஊற்று, உச்சியில் மேய்ப்பனின் மடி. எழுத்தறியாதவனும் ஏறிப் போகக்கூடிய ஞானோபதேசம் இது.

5. இதன் விலை

இப்போது சற்றுக் கடினமான இடத்துக்கு வருகிறோம். இவ்வளவு அழகிய பாடத்தை எதில் எழுதினார்கள்? ஒரு மிருகத்தின் பல்லில். காணாமற்போன ஒரே ஆட்டைத் தேடிப் போய்த் தோளில் சுமந்து வருகிறவரை, கொல்லப்பட்ட யானையின் தந்தத்தில் செதுக்கினார்கள். பழைய காலத்தார் இதைப் பற்றிக் கலங்கவில்லை. காடு பெரிது, யானை அநேகம், குறையாது என்று எண்ணினார்கள். நாம் அப்படி எண்ண முடியாது. குறைந்ததை நாம் கண்டுவிட்டோம்.

1970-களின் இறுதியில் ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 13 லட்சம் யானைகள் இருந்தன என்று மதிப்பிட்டார்கள். பத்து வருஷத்தில் அது சுமார் 6 லட்சமாகிவிட்டது. நம் பக்கத்துக் காடுகளில் வேறு விதமான சேதம். இங்கே ஆணுக்கே தந்தம் உண்டாகையால் வேட்டைக்காரன் ஆணையே தேடிக் கொன்றான். கேரளத்துப் பெரியார்க் காட்டில் 1980-களின் இறுதியில் எடுத்த கணக்கில், வளர்ந்த ஆண் ஒன்றுக்கு வளர்ந்த பெண் நூற்றுக்கு மேல் என்ற நிலை காணப்பட்டது. சத்தியமங்கலம், முதுமலைப் பக்கங்களில் தந்தத்துக்காக எத்தனை யானைகள் சுடப்பட்டன என்பதை அக்காலத்துப் பத்திரிகை படித்தவர்கள் அறிவார்கள்.

பக்தியும் இதில் பங்கு கொண்டது என்பதை மறைக்கக் கூடாது. பிலிப்பைன்ஸ் நாட்டில் கள்ளத் தந்தம் சுரூபங்களாக மாறிப் பக்தர் வீடுகளுக்குப் போவதை 2012-ல் ஒரு பத்திரிகை ஆராய்ந்து வெளியிட்டது. மறுவருஷம் 2013 ஜூன் மாதத்தில் அந்நாட்டு அரசாங்கம், தான் கைப்பற்றி வைத்திருந்த சுமார் 5 டன் தந்தத்தை நொறுக்கி அழித்தது. ஜெபம் செய்யும் கை அறியாமலே துப்பாக்கிக்குக் கூலி கொடுத்த கதை இது. ஆமோஸ் தீர்க்கதரிசி தந்தக் கட்டிலைப் பார்த்துச் சொன்னதை, நாம் நம் வீட்டுப் பீடத்தைப் பார்த்தும் கேட்கவேண்டியிருக்கிறது.

6. சட்டம் சொல்வது

நம் நாட்டில் 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1977-ல் யானை அதன் முதல் அட்டவணையில் சேர்ந்தது. 1986-ல் செய்த திருத்தம் நாட்டு யானைத் தந்தத்தின் வியாபாரத்தை நிறுத்தியது. ஆப்பிரிக்கத் தந்தம் என்று சொல்லி விற்கும் வழி மீதியிருந்தது; 1991-ம் வருஷத் திருத்தம் அதையும் அடைத்தது. உலக நாடுகளும் 1989-ல் லொசான் நகரில் கூடி, ஆப்பிரிக்க யானையின் தந்தத்தை நாடு விட்டு நாடு விற்பதைத் தடுக்கத் தீர்மானித்தன. வியாபாரிகள் டில்லி ஹைக்கோர்ட்டில் வழக்காடித் தோற்றது 1997-ல். பனிக்கட்டியில் புதைந்துகிடந்த ஆதிகால மாமத்தின் தந்தமாவது விற்கலாமா என்று கேட்டவர்களுக்கு, அதுவும் தந்தமே, கூடாது என்று 2003-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று.

ஆகவே நம் மூன்று கேள்விகளுக்கும் விடை இதோ.

விற்கலாமா? கூடாது. பழையது, பாட்டியினுடையது, மந்திரித்தது என்ற காரணம் எதுவும் செல்லாது. வாங்கலாமா? கூடாது. யாத்திரைத் தலத்தில் எவரேனும் பழைய கோவாத் தந்தம் என்று இரகசியமாகக் காட்டினால், அது பொய்யானால் ஏமாற்று, மெய்யானால் குற்றம். குற்றத்துக்குத் தண்டனை மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை. கோவிலுக்குக் கொடுக்கலாமா? இங்கேதான் நல்ல மனதுள்ளவர்கள் தவறிவிடுவார்கள். 2003-ல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, இப்படிப்பட்ட பொருள் வாரிசுரிமையால் அன்றி வேறு வழியில் ஒருவர் கைக்குப் போகக்கூடாது. ஆகையால் காணிக்கையாக வைக்க விரும்புவோரும், முதலில் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதிக் கேட்க வேண்டும். அவருடைய அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது.

வாரிசாக உங்களுக்கு வந்தால், வந்த 90 நாட்களுக்குள் அந்த அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 2003-ல் அரசாங்கம் கெடு கொடுத்து, வைத்திருப்போர் அனைவரையும் தெரிவிக்கச் சொன்னது. அப்போது பெரியவர்கள் பதிவு செய்த காகிதம் ஏதேனும் இருக்கிறதா என்று பழைய பத்திரக் கட்டில் தேடிப் பாருங்கள். காகிதம் இல்லையென்றால் பயந்து ஒளிக்க வேண்டாம். ஏரியில் எறியவும் வேண்டாம். சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்டு, முறைப்படி அதிகாரியிடம் போவதே நேரான வழி. மறைத்து வைத்த பொருளின் முன் மனநிம்மதியோடு முழந்தாளிட முடியாது.

7. சுரூபத்தின் மகிமை எதில்?

இவ்வளவும் சட்டம். சட்டத்துக்கு மேல் ஒரு பாடம் இருக்கிறது.

787-ல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம், சுரூபத்துக்குச் செய்யும் வணக்கம் அது எவரைக் குறிக்கிறதோ அவரையே சேருகிறது என்று போதித்தது. 1563-ல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் அதையே உறுதிப்படுத்தி, சுரூபத்தினுள் தெய்வத்துவமோ தனிச் சக்தியோ இருப்பதாக எண்ணி அதை வணங்கலாகாது என்று விளக்கிற்று. இதன் பொருள் என்ன? தந்தத்தில் செய்த சேசுநாதர் வேப்பமரத்தில் செய்த சேசுநாதரைவிடப் பெரியவர் அல்லர். களிமண்ணில் பிள்ளை பிசைந்து வைத்த மாதாவின் முன் சொன்ன அருள்நிறை மந்திரம், தந்த மாதாவின் முன் சொன்னதைவிடக் குறைந்ததும் அல்ல. விலையுயர்ந்த பொருளைத் தேவனுக்குக் கொடுக்க ஆசைப்படுவது நல்ல ஆசைதான். ஆனால் அந்த விலையைக் கொடுப்பது நாமாயிருக்கவேண்டும். காட்டில் நிற்கும் வாயில்லா ஜீவன் அல்ல.

காரணமின்றி மிருகங்களை வருத்துவதும் கொல்லுவதும் மனித மகத்துவத்துக்கே விரோதம் என்று 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூல் சொல்லுகிறது. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய நிருபத்தில், ஒவ்வொரு சிருஷ்டியும் நமக்குப் பயன்படுவதால் மட்டும் மதிப்புடையதல்ல, சர்வேசுரன் முன்னிலையில் தனக்கென்றே மதிப்புடையது என்று விளக்கினார்.

8. இனிச் செய்ய வேண்டியது

தந்தம் போனால் கைத்தொழிலும் போய்விடுமே என்று சிலர் வருந்துவர். தடையினால் சிற்பிக் குடும்பங்கள் கஷ்டப்பட்டது உண்மை. அவர்கள் பாவனைக்குத் தந்தத்தைக் கேட்டவர்கள் நாமே. பிறகு வேண்டாம் என்றவர்களும் நாமே. ஆனாலும் கை நிற்கவில்லை. திருவிதாங்கூர், மைசூர்ச் சிற்பிகள் சந்தனத்துக்கும் நூக்க மரத்துக்கும் மாறினார்கள். வங்காளத்து முர்ஷிதாபாத்தில் சந்தனமும் நெட்டியும். டில்லியில் ஒட்டக எலும்பு.

நம் தஞ்சாவூரில் நெட்டி வேலை இருக்கிறது. குளத்தில் விளையும் நெட்டித் தண்டை உலர்த்திச் சீவி, கத்தியால் செதுக்கிச் செய்வது. வெண்மையும் மழமழப்பும் பார்த்தால் தந்தம் என்றே மயங்குவீர்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும், பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும் 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த முறை புதுவீட்டு மந்திரிப்புக்கோ கலியாணத்துக்கோ சுரூபம் பரிசளிக்க எண்ணினால், மூங்கில், மரம், நெட்டி ஆகியவற்றில் உழைக்கும் ஒரு சிற்பியைத் தேடி, வாய்விட்டுக் கேட்டுச் செய்வியுங்கள். கோவாச் சிற்பிக்கு அன்று படத்தாள் கொடுத்ததுபோல் நீங்கள் ஒரு படம் கொடுங்கள்; முகத்தை அவன் பார்த்துக்கொள்ளுவான்.

வீட்டில் முறைப்படி வைத்திருக்கும் பழைய தந்தச் சுரூபத்துக்குக் கவனிப்பு வேண்டும். தண்ணீரில் கழுவாதீர்கள், ஈரம் ஏறி இறங்கினால் தந்தம் வெடிக்கும். மெழுகுதிரிச் சுவாலைக்கும் ஜன்னல் வெயிலுக்கும் எட்ட வையுங்கள். எண்ணெய் பூசாதீர்கள். மஞ்சள் நிறம் அழுக்கல்ல, வயது. அதைத் தேய்த்துப் போக்க வேண்டாம். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

ஞாபகப் பாடம்

வினா: தந்தம் என்றால் என்ன?
விடை: யானையின் நீண்ட முன்பல்.

வினா: அதை முழுமையாக எடுக்க யானை சாகவேண்டியது ஏன்?
விடை: மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் வேரூன்றி இருப்பதால்.

வினா: கோவாவின் தந்தச் சுரூபங்களைச் செதுக்கியவர்கள் யார்?
விடை: பெரும்பாலும் இந்நாட்டுச் சிற்பிகள், அவர்களில் பலர் இந்துக்கள்.

வினா: நல்ல மேய்ப்பன் சுரூபத்தில் அடியில் இருப்பவர் யார், உச்சியில் இருப்பவர் யார்?
விடை: அடியில் மனஸ்தாபப்பட்ட மதலேன் மரியம்மாள், உச்சியில் ஆட்டுக்குட்டிகளைத் தாங்கிய குழந்தை சேசு.

வினா: தந்தச் சுரூபத்தை விற்கவோ வாங்கவோ கொடையாகக் கொடுக்கவோ முடியுமா?
விடை: விற்பதும் வாங்குவதும் கூடாது. வாரிசுரிமையால் வரலாம், வந்தால் 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். கொடை கொடுக்க நினைப்போர் முதலில் வனத்துறையைக் கேட்க வேண்டும்.

வினா: சுரூபத்தின் மகிமை எதில் இருக்கிறது?
விடை: செய்த பொருளில் அல்ல, அது எவரைக் குறிக்கிறதோ அவரில்.

இவ்வாரத்தில் ஒரு நாள் மாலை, வீட்டுப் பீடத்தின் முன் பிள்ளைகளை உட்கார வைத்து, அங்கிருக்கும் ஒவ்வொரு சுரூபமும் எதனால் ஆனது, யார் கொண்டுவந்தது என்று சொல்லிக்கொடுங்கள். பிறகு செபமாலை சொல்லுங்கள். மாதா பிரார்த்தனையில் அந்தத் தந்த உப்பரிகை வரும்போது, தந்தமாய் நின்று புகழப்படுகிறது தேவதாயாரின் மாசற்ற ஆத்துமமே என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த உப்பரிகையைக் கட்ட ஒரு யானையும் சாகவேண்டியதில்லை.